கடல் கடந்த பயணமும் வங்கி அட்டையும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பும் புளியும் வாங்கும்போது நாம் அளந்துதான் வாங்குகிறோம். கீரைக்காரப் பாட்டியிடம் கூட இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஆனால் வெளிநாட்டுக்குச் சென்றதும் நம்மவர் பலர் சிறிய அட்டை ஒன்றைக் கருவியில் நுழைத்து, திரையில் கேட்பதற்கெல்லாம் "சரி" என்று அழுத்திவிட்டு வந்துவிடுகின்றனர். எவ்வளவு போயிற்று, யாருக்குப் போயிற்று, ஏன் போயிற்று என்று அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

வெளிநாட்டுப் பயணம் இன்று செல்வந்தருக்கு மட்டும் உரியதன்று. மகளின் பிரசவத்திற்குத் துணையாகச் செல்லும் அம்மாக்கள் இருக்கின்றனர். மகனின் பட்டமளிப்பைக் காணச் செல்லும் தந்தையர் இருக்கின்றனர். தம் சபையின் பணிக்காகக் கடல் கடக்கும் அருட்சகோதரியரையும் நாம் அறிவோம். இவர்கள் கையிலுள்ள பணம் ஓய்வூதியமாக வந்தது, சீட்டுக் கட்டிச் சேர்த்தது, அல்லது பிறர் நம்பி ஒப்படைத்தது. அதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

வெளிநாட்டில் வங்கி அட்டை எவ்வாறு வேலை செய்கிறது, கட்டணங்கள் எங்கெங்கே பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு குறைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதற்கு எட்டாம் வகுப்பில் நாம் படித்த விழுக்காட்டுக் கணக்கே போதும்.

அட்டை வந்த வரலாறு

அந்நிய நாட்டுக்குப் பணத்தை எப்படிப் பத்திரமாகக் கொண்டு செல்வது என்பது பழைய கேள்வி. 1891-ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வெளியிட்டது. பயணி முன்கூட்டியே பணம் செலுத்தி அதை வாங்கிக்கொண்டு, சென்ற ஊரில் கையெழுத்திட்டு ரொக்கமாக மாற்றிக்கொள்வார். 1950-இல் நியூயார்க் நகரில் ஃபிராங்க் மெக்நமாரா என்பவர் டைனர்ஸ் கிளப் அட்டையைத் தொடங்கினார். உணவு விடுதியில் அட்டையைக் காட்டிச் சாப்பிட்டுவிட்டு, பின்னர் மொத்தமாகப் பணம் செலுத்தும் முறை அது.

பணம் தரும் இயந்திரமாகிய ஏ.டி.எம். 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் லண்டன் மாநகரின் வடபகுதியிலுள்ள என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கியின் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பேரன் 1925-இல் நம் நாட்டின் ஷில்லாங் நகரில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அந்த இயந்திரத்தில் அட்டை கிடையாது. சிறப்பாக அச்சிட்ட காகிதக் காசோலையையே நுழைக்க வேண்டும். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்க அவர் எண்ணியிருந்தாராம். தம் மனைவி கரோலின் நான்கு இலக்கந்தான் நினைவில் நிற்கும் என்று கூறியதால் நான்காகக் குறைத்ததாக அவரே பின்னாளில் தெரிவித்தார். இந்தியாவில் 1987-இல் மும்பையில் முதல் ஏ.டி.எம். வந்தது. விசா, மாஸ்டர்கார்டு என்னும் அயல்நாட்டு வலையமைப்புகளோடு, 2012 முதல் நம் நாட்டின் ரூபே அட்டையும் இருக்கிறது. இங்கே விசா என்பது அட்டை நிறுவனத்தின் பெயர். பயண அனுமதியான விசாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அட்டையை நுழைத்தால் நடப்பது என்ன?

ஜெர்மனியில் ஒரு கடையில் நாம் 50 யூரோவுக்குப் பொருள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கருவியில் அட்டையை நுழைத்ததும் செய்தி முதலில் கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து வலையமைப்பு வழியாக நம் ஊரிலுள்ள நம் வங்கிக்கு வருகிறது. நம் வங்கி கணக்கைப் பார்த்து "தரலாம்" என்று விடை அனுப்புகிறது. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரருக்கு வேண்டியது யூரோ. நம் கணக்கில் இருப்பதோ ரூபாய். இடையில் யாரோ ஒருவர் ரூபாயை யூரோவாக மாற்றித் தர வேண்டும். மாற்றித் தருபவர் சும்மா மாற்ற மாட்டார், கூலி எடுத்துக்கொள்வார். ஆகவே நாம் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாற்றுபவர் யார்? அவர் கூலி எவ்வளவு? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எல்லாக் கட்டணங்களும் விளங்கிவிடும். கட்டணம் பிறக்கும் வாயில்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில்: நம் வங்கியின் மாற்றுக் கட்டணம்

விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் நாள்தோறும் ஒரு மாற்று விகிதத்தை வைத்திருக்கின்றன. அது பெரும்பாலும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதன்மேல் நம் வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைச் சேர்க்கும். இந்திய அட்டைகள் பலவற்றில் இது 2 முதல் 3.5 விழுக்காடு வரை இருக்கிறது. அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

ஒரு குடும்பம் வெளிநாட்டில் அட்டை மூலம் 1,00,000 ரூபாய் செலவிட்டதாகக் கொள்வோம். கட்டணம் 3.5 விழுக்காடு என்றால் 3,500 ரூபாய். அதன்மேல் வரி 630 ரூபாய். ஆக மொத்தம் 4,130 ரூபாய். இந்தத் தொகைக்கு எந்தப் பொருளும் வீட்டுக்கு வரவில்லை. ஒரு பிள்ளையின் பாடப்புத்தகம், நோட்டு, சீருடைச் செலவை இதில் முடித்துவிடலாம்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. மாற்றுக் கட்டணமே இல்லாத அட்டைகளையும் நம் நாட்டில் சில வங்கிகள் வழங்குகின்றன. பயணத்திற்கு இரண்டு மாதம் முன்பே விசாரித்தால் அத்தகைய அட்டையைப் பெற நேரம் இருக்கும். விமானம் ஏறும் வாரத்தில் விசாரித்துப் பயனில்லை. வங்கிக்குச் சென்று, "இந்த அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால் நூற்றுக்கு எவ்வளவு கட்டணம்?" என்று நேராகக் கேட்க வேண்டும். "கொஞ்சந்தான் அம்மா" என்று விடை வந்தால் அதோடு விட்டுவிடாமல், கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

இரண்டாம் வாயில்: ரூபாயா, உள்ளூர் நாணயமா?

நான்கு வாயில்களிலும் நம்மவர் மிகுதியாக ஏமாறும் வாயில் இது. ஆகவே இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

வெளிநாட்டுக் கடையிலோ ஏ.டி.எம். இயந்திரத்திலோ நம் அட்டையை நுழைத்தவுடன், அது இந்திய அட்டை என்று கருவிக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில், "ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவில் செலுத்துகிறீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். ரூபாய்க் கணக்கு பெரிய எழுத்திலும், யூரோக் கணக்கு சிறிய எழுத்திலும் இருப்பதுண்டு. அந்நிய ஊரில் ரூபாய் என்ற சொல்லைக் கண்டதும் நமக்குத் தெரிந்தவரைப் பார்த்தது போல ஓர் ஆறுதல் ஏற்படும். கை தானாக ரூபாயை அழுத்தும்.

அழுத்தியதும் நடப்பது என்ன? நாணயத்தை மாற்றும் வேலை நம் வங்கியின் கையிலிருந்து அந்தக் கருவியை வைத்திருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் தம் விருப்பப்படி ஒரு விகிதம் போடுவார். அது சந்தை விகிதத்தைவிடப் பல விழுக்காடு கூடுதலாக இருப்பது வழக்கம்.

கணக்கை எளிதாக்க 1 யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 யூரோ பொருளின் உண்மை விலை 5,000 ரூபாய். யூரோவில் செலுத்தினால் நம் வங்கியின் 3.5 விழுக்காடு 175 ரூபாய். வரி 31 ரூபாய் 50 காசு. மொத்தம் 5,206 ரூபாய் 50 காசு. ரூபாயில் செலுத்தினால், கருவி 8 விழுக்காடு கூட்டுவதாகக் கொண்டால், 5,400 ரூபாய். இதோடு முடிவதில்லை. வெளிநாட்டில் ரூபாயிலேயே நடந்த செலவுக்கும் நம் வங்கிகள் பல ஒரு தனிக் கட்டணம் வைத்துள்ளன. அது 1 விழுக்காடு என்றால் 54 ரூபாய். வரி 9 ரூபாய் 72 காசு. மொத்தம் 5,463 ரூபாய் 72 காசு. ஒரே பொருள், ஒரே கடை, ஒரே அட்டை. ஒரு பொத்தானால் 257 ரூபாய் வேறுபாடு!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தை, மகளின் பிரசவத்திற்காக ஜெர்மனிக்குச் சென்றிருந்தார். மாமாவின் ஓய்வூதியக் கணக்கின் அட்டைதான் அவர் கையில் இருந்தது. ஒரு நாள் மருந்து வாங்கவும் பால் வாங்கவும் இயந்திரத்தில் 200 யூரோ எடுத்தார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, ஜெர்மன் மொழியும் தெரியாது. திரையில் ரூபாய் என்று கண்டதை அழுத்தினார். 20,000 ரூபாய் அளவில் ஆக வேண்டியது 22,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊர் திரும்பி மாமா பாஸ்புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "பேரனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கலாமென்று ஆசைப்பட்டு, செலவாகுமே என்று வாங்காமல் வந்தேனே, அந்தப் பணத்தை இயந்திரம் வாங்கிக்கொண்டதே!" என்று அத்தை வருந்தினாராம். சட்டப்படி அங்கே யாரும் திருடவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, விடை அளிக்கப்பட்டது. கேள்வியின் பொருளை அவருக்கு யாரும் முன்னரே சொல்லித் தரவில்லை என்பதே குறை.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2020 ஏப்ரல் முதல், ஒன்றியத்திற்குள் நடக்கும் அட்டைச் செலவுகளில், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாக எடுக்கப்படுகிறது என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். அந்நாட்டு மக்களுக்கே சட்டத்தின் துணை தேவைப்பட்டதென்றால், மொழி தெரியாத நம்மவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

ஆகவே விதி ஒன்றே: எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியில் யூரோ, தாய்லாந்தில் பாட், சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர். கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், ரசீதில் கையெழுத்திடுமுன் அல்லது ரகசிய எண்ணை அழுத்துமுன் நிறுத்தி, மாற்றித் தரும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேட்கலாம். இயந்திரத்தில் "மாற்று விகிதத்தை ஏற்க மறுக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினால் பணம் வராதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மறுப்பது அந்த விகிதத்தை மட்டுமே. பெரும்பாலும் பணம் உள்ளூர் நாணயக் கணக்கில் வந்துவிடும்.

மூன்றாம் வாயில்: இயந்திரத்தின் கட்டணம்

ஏ.டி.எம். இயந்திரத்தில் இரண்டு பேர் கட்டணம் எடுக்கக் கூடும். ஒருவர் இயந்திரத்தின் உரிமையாளர். மற்றவர் நம் வங்கி. இதற்குத் தாய்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டு வங்கிகள் வெளிநாட்டு அட்டைக்கு 2009-இல் ஒரு முறைக்கு 150 பாட் என்று கட்டணம் வாங்கத் தொடங்கின. பின்னர் அது 220 பாட் வரை உயர்ந்தது. எவ்வளவு எடுத்தாலும் கட்டணம் ஒன்றே என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஒருவருக்கு 10,000 பாட் தேவை என்போம். அவர் பயந்துகொண்டு, 2,000 பாட் வீதம் ஐந்து முறை எடுக்கிறார். 220 பாட் வீதம் ஐந்து முறைக்கு 1,100 பாட். இது எடுத்த பணத்தில் 11 விழுக்காடு! ஒரே முறையில் 10,000 பாட் எடுத்திருந்தால் 220 பாட், அதாவது 2.2 விழுக்காடு மட்டுமே. 1 பாட் 3 ரூபாய் என்று கொண்டால் 3,300 ரூபாய்க்குப் பதில் 660 ரூபாயில் முடிந்திருக்கும். நம் வங்கியும் ஒரு முறைக்கு 150 ரூபாயும் வரியுமாக 177 ரூபாய் எடுப்பதாகக் கொண்டால், ஐந்து முறைக்கு 885 ரூபாய். ஒரு முறைக்கு 177 ரூபாய். இரண்டையும் கூட்டினால் ஒருவருக்கு 4,185 ரூபாய் செலவு. மற்றவருக்கு 837 ரூபாய். மிச்சம் 3,348 ரூபாய்.

ஆகவே அடிக்கடி சிறிது சிறிதாக எடுப்பதைவிட, தேவையைக் கணக்கிட்டுச் சில முறை மட்டும் எடுப்பதே சிக்கனம். எடுத்த பணம் முழுவதையும் ஒரே பையில் வைக்காமல், ஒரு பகுதியைத் தங்கும் அறையின் பெட்டகத்தில் பூட்டி வைக்கலாம். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் தனியார் வைத்திருக்கும் இயந்திரங்களைவிட, ஊருக்குள் வங்கிக் கிளையை ஒட்டியுள்ள இயந்திரமே நல்லது. அட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உதவிக்கு வங்கி ஊழியர் இருப்பார். கட்டணம் எவ்வளவு என்று திரையில் காட்டிய பிறகும் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டு வேறு இயந்திரம் தேட நமக்கு உரிமை உண்டு.

நான்காம் வாயில்: கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தல்

டெபிட் கார்டு எனப்படும் பற்று அட்டை நம் கணக்கிலுள்ள பணத்தை எடுக்கிறது. கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை வங்கியின் பணத்தைக் கடனாக எடுக்கிறது. கடன் அட்டையில் பொருள் வாங்கினால், குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவோருக்கு வட்டி இல்லை. ஆனால் அதே அட்டையால் இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்கம் எடுத்ததற்கான கட்டணமும் தனி.

20,000 ரூபாய் மதிப்புள்ள பணத்தை இப்படி எடுத்து 30 நாள் கழித்துக் கட்டுவதாகக் கொள்வோம். மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால் 700 ரூபாய். ரொக்கக் கட்டணம் 2.5 விழுக்காடு என்றால் 500 ரூபாய். மாற்றுக் கட்டணம் 3.5 விழுக்காடு 700 ரூபாய். மூன்றுக்கும் வரி 342 ரூபாய். மொத்தம் 2,242 ரூபாய்! ஆகவே கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பதை உயிர் காக்கும் அவசரத்திற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த அட்டை எதற்கு?

பணம் முன்கூட்டியே ஏற்றப்படும் ஃபாரெக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. புறப்படுமுன் ரூபாயைக் கொடுத்து, டாலராகவோ யூரோவாகவோ அதில் ஏற்றிக்கொள்ளலாம். விகிதம் அன்றே முடிவாகிவிடுவதால், பயணத்தின் நடுவே ரூபாய் மதிப்பு குறைந்தாலும் கவலையில்லை. சேமிப்புக் கணக்கோடு தொடர்பில்லாததால், தொலைந்தாலும் இழப்பு அந்த அட்டையில் உள்ள தொகையோடு நிற்கும். ஆனால் இதிலும் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றும்போது தரப்படும் விகிதத்திலேயே வங்கியின் இலாபம் அடங்கியிருக்கும். யூரோ ஏற்றிய அட்டையைத் தாய்லாந்தில் பயன்படுத்தினால், நாணயம் மாறியதற்குத் தனிக் கட்டணம் விழும். மீதிப் பணத்தை ரூபாயாக மாற்றும்போது குறைந்த விகிதமே கிடைக்கும். ஆகவே செல்லும் நாட்டு நாணயத்தை மட்டும், தேவையான அளவே ஏற்றுவது நல்லது.

விடுதியில் தங்கும்போது, முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். பற்று அட்டையைக் கொடுத்தால் நம் சொந்தப் பணமே பல நாள் முடங்கிவிடும். கடன் அட்டையைக் கொடுத்தால் கடன் வரம்புதான் முடங்கும். ஆகவே விடுதிக்கும் வாடகைக் காருக்கும் கடன் அட்டை, ரொக்கம் எடுக்கப் பற்று அட்டை அல்லது ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொள்வது அறிவுடைமை.

அட்டைகளோடு யூ.பி.ஐ. முறையும் கடல் கடந்துள்ளது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையோடு அது இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியசிலும் தொடங்கியது. அதே மாதம் பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்திலும் அறிமுகமானது. இங்கும் ரகசிய எண்ணை அழுத்துமுன், எத்தனை ரூபாய் கழிக்கப்படும் என்று திரையில் பார்ப்பது கடமை.

கையில் கொஞ்சம் ரொக்கம்

அட்டை எவ்வளவு நல்லதானாலும் கையில் கொஞ்சம் அந்நாட்டு ரொக்கம் இருக்க வேண்டும். நள்ளிரவில் இறங்கினால் வாகனத்திற்கும் தண்ணீருக்கும் அது உதவும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்ல நம் நாட்டு விதி இடம் தருகிறது. பணம் மாற்றுக் கடைகளில் "கட்டணம் இல்லை" என்று பெரிய பலகை இருக்கும். அதைக் கண்டு மயங்கக் கூடாது. கூலி அங்கே விகிதத்திற்குள் ஒளிந்திருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, அந்தக் கடை அவ்வளவு நல்லது.

பாதுகாப்பு

கட்டணத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு திருட்டினால் வரும். ரகசிய எண்ணை அழுத்தும்போது மறு கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அட்டை நுழைக்கும் வாய் ஆடினாலோ, ஒட்டு வைத்தது போல் தெரிந்தாலோ அந்த இயந்திரத்தைத் தொடவே கூடாது. கடைக்காரர் அட்டையை உள்ளறைக்கு எடுத்துச் செல்ல விடக் கூடாது. இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் வைக்கக் கூடாது.

நம் ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் முதலில் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே வங்கிச் செயலியிலோ கிளையிலோ திறந்துகொள்ள வேண்டும். அங்கே போன பிறகு திறக்க முயன்று, இந்திய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி கிடைக்காமல் திண்டாடுவோர் உண்டு. திறக்கும்போதே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பும் வைக்கலாம், திரும்பியதும் மூடிவிடலாம்.

நாம் செய்யாத செலவு கணக்கில் தெரிந்தால் உடனே அட்டையை முடக்கி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிகள், வாடிக்கையாளர் மீது தவறில்லாதபோது மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு முழுப் பாதுகாப்பு அளித்தன. தாமதிக்கத் தாமதிக்க இழப்பு நம் தலையில் விழும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு எவ்வளவு என்று வங்கியில் கேட்டு எழுதிக்கொள்க.
2. அட்டையின் காலாவதி நாளைப் பார்க்க.
3. வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து, நாள் வரம்பு வைக்க.
4. இந்தியக் கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வர வழி செய்க.
5. வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்க்காமல் தனியே வைக்க.
6. இரண்டு வெவ்வேறு அட்டைகளை எடுத்துச் செல்க.
7. எங்கும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க.
8. ரொக்கத்தைச் சில முறை மட்டும், தேவையறிந்து எடுக்க.
9. கடன் அட்டையில் ரொக்கம் எடுக்காதிருக்க.
10. எல்லா ரசீதுகளையும் வைத்திருந்து, திரும்பியதும் கணக்கோடு ஒப்பிடுக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வெளிநாட்டு அட்டைக் கட்டணங்களுள் பெரும்பகுதி நம் அறியாமையினால் விளைபவை என்பது தெளிவாகும். வங்கியும் கடையும் தம் கூலியைக் கேட்பது இயல்பு. எவ்வளவு கூலி, யாருக்குக் கூலி என்று கேட்பது நம் உரிமை. படித்தவர், பணக்காரர் ஆகியோர் இதைக் கேட்டுத் தப்பித்துக்கொள்கின்றனர். கேட்கத் தெரியாதவரே மிகுதியாகக் கொடுக்கின்றனர். சிறுகச் சேர்த்தவரிடமிருந்தே மிகுதியாகப் போவது நியாயமாகுமா?

அன்புத் தோழியரே! நம் வீட்டிலிருந்து அம்மாவோ பாட்டியோ கடல் கடந்து செல்லும் நாள் வரலாம். பெட்டி கட்டவும் ஊறுகாய் போடவும் உதவுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து, இயந்திரத்தின் திரை எப்படி இருக்கும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று படம் வரைந்து காட்டுவோம். செல்லும் நாட்டு நாணயத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கைப்பையில் வைப்போம். அட்டையின் ரகசிய எண் அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருப்பது போதாது. கணக்கு எப்படி நடக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் கற்ற விழுக்காட்டுக் கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், நம் வீட்டாரின் உழைப்பைக் காக்கவும் உதவட்டும்!